ஹெச்.எம். கணினியும் மாணவர் லேபும் ஒரே ஒயரிலா? பள்ளி நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது ஏன் அவசியம்?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் மண்டகப்பட்டு என்று ஒரு ஊர். ஊருக்கு வெளியே ஒரு பாறை. அதைக் குடைந்து, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயிலை எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இவை எதுவுமே இல்லாமல் கட்டினேன் என்று அங்கேயே கல்வெட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கோயிலுக்குள் போனால் பின்சுவரில் மூன்று தனித்தனி அறைகள். பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும். பாறை ஒன்றுதான், முன் மண்டபமும் ஒன்றுதான், ஆனால் அறைகள் மூன்று. முகப்பில் இரு பக்கமும் துவாரபாலகர்கள்.

இதை எதற்குச் சொல்கிறோம்? இந்த ஊரைச் சுற்றியிருக்கும் அரசுப் பள்ளிகள் உட்பட தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இப்போது இணையம், கணினி லேப், ஸ்மார்ட் போர்டு எல்லாம் வந்துவிட்டது. கேபிள் இழுத்தாச்சு, ஸ்விட்ச் மாட்டியாச்சு. ஆனால் பாறையைக் குடைந்துவிட்டு அறைகளைப் பிரிக்காமல் விட்டது மாதிரி, எல்லாக் கணினியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பள்ளியில் அப்படி என்னென்ன இருக்கிறது?

பத்து வருடங்களுக்கு முன்பு கிராமத்துப் பள்ளியில் 'நெட்வொர்க்' என்றால் ஹெச்.எம். அறையில் ஒரு கணினி, ஒரு டேட்டா கார்டு, அவ்வளவுதான். இன்றைக்கு நிலைமை வேற. தமிழ்நாட்டில் முதல் கட்டமாக 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், அதாவது 'ஹைடெக் லேப்' அமைக்கப்பட்டன. அடுத்த கட்டத்தில் நடுநிலைப் பள்ளிகளையும் சேர்த்து 8,000க்கும் மேற்பட்ட லேப்கள், தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று திட்டம் விரிந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் கொடுத்தார்கள்.

ஒரு நடுத்தரமான மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஹெச்.எம்., கிளார்க் கணினிகள். அவற்றில்தான் 'எமிஸ்' வேலை நடக்கிறது. மாணவரின் பெயர், பெற்றோர் பெயர், செல்போன் எண், முகவரி, சாதி, ரத்த வகை, ஆதார் எல்லாம் அங்கே ஏறுகிறது. உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு எண்கள் ஒரு எக்ஸெல் ஷீட்டில் இருக்கும். பக்கத்தில் ஒரு பிரின்டர். பருவத் தேர்வு வினாத்தாள் வந்தால் அதில்தான் பிரின்ட் ஆகும். அப்புறம் லேப். 20 கணினிகள், ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகள் வந்து போகிற இடம். வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டு. வாசலில், வராண்டாவில் சிசிடிவி கேமரா. ஆசிரியர்களின் செல்போன்கள். வைஃபை பாஸ்வேர்டு எப்படியோ தெரிந்துவிட்ட பிளஸ் டூ மாணவர்களின் செல்போன்களும் இருக்கலாம், அதைக் கணக்கில் யாரும் எடுப்பதில்லை.

இவை எல்லாம் கடைசியில் வந்து சேர்வது ஒரே ஒரு பெட்டியில். அதற்குப் பெயர் ஸ்விட்ச்.

சேர்ந்திருந்தால் என்ன தப்பு?

சாதாரண ஸ்விட்ச்சுக்கு யார் ஹெச்.எம்., யார் எட்டாம் வகுப்பு மாணவன் என்று தெரியாது. அதில் செருகிய எல்லாக் கருவியும் ஒன்றையொன்று பார்க்கும், ஒன்றோடொன்று பேசும். கிளார்க் தன் வசதிக்காக ஒரு ஃபோல்டரை 'ஷேர்' பண்ணி வைத்திருந்தால், லேபில் 14-வது கணினியில் உட்கார்ந்திருக்கும் பையன் 'நெட்வொர்க்' என்ற இடத்தை கிளிக் செய்தாலே அந்த ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஹேக்கிங் எல்லாம் தேவையே இல்லை. ஒரு வகுப்பு மாணவிகளின் வீட்டு முகவரியும் செல்போன் எண்ணும் போட்டோவும் ஒரு பென்டிரைவில் ஏறி வெளியே போக ஐந்து நிமிடம் போதும். அப்படிப் போன எண்ணுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒருவர் கூப்பிட்டால், அந்த வீட்டில் முதலில் நிற்கப்போவது அந்தப் பெண்ணின் படிப்புதான். பள்ளி நெட்வொர்க் பற்றிப் பேசும்போது 'டேட்டா' 'டேட்டா' என்கிறோமே, அந்த டேட்டா இதுதான்.

இரண்டாவது பிரச்னை வைரஸ். 2017 மே 12-ம் தேதி வெடித்த 'வான்னாக்ரை' நினைவிருக்கும். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. நமக்குப் பக்கத்தில், கேரளாவில் சில கிராம பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் மாட்டிக்கொண்டன. அது பரவிய விதம்தான் இங்கே முக்கியம். ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அதே நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் கதவு திறந்திருக்கும் மற்ற கணினிகளைத் தானாகவே தேடிப் போனது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கணினிகள்தான் விழுந்தன. பள்ளி லேப் கணினிகளில் அப்டேட் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் சிரிப்புதான் பதில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துபோனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, கொஞ்சம் வேடிக்கையானது, ஆனால் அடிக்கடி நடப்பது. வீட்டில் சும்மா கிடந்த பழைய வைஃபை ரவுட்டரை யாரோ ஒருவர் கொண்டுவந்து லேப் சுவரிலிருக்கும் பாயின்ட்டில் செருகுகிறார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த ரவுட்டர், 'இங்கே ஐ.பி. முகவரி கொடுப்பது நான்தான்' என்று கிளம்பிவிடும். பள்ளியின் உண்மையான ரவுட்டர் ஒரு பக்கம் முகவரி கொடுக்க, இது ஒரு பக்கம் தப்பான முகவரி கொடுக்க, பாதிக் கணினிகளில் இணையம் போச்சு. அலுவலகத்தில் வருகைப் பதிவு ஏறாது. 'லைன்ல ஃபால்ட்' என்று புகார் கொடுப்பார்கள். லைன்மேன் வந்து பார்த்து 'எங்க லைன் நல்லாத்தான் இருக்கு' என்று போய்விடுவார். காரணம் லேப் மேஜைக்கு அடியில் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருக்கும்.

ஹேக்கர் ரஷ்யாவில் இல்லை, மூன்றாவது பெஞ்சில்!

'நம்ம ஸ்கூலை யாருங்க ஹேக் பண்ணப் போறாங்க?' என்பது எல்லாப் பள்ளியிலும் கேட்கும் கேள்வி. இதற்கு பிரிட்டனிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம், 2022 ஜனவரி முதல் 2024 ஆகஸ்ட் வரை கல்வி நிறுவனங்களிலிருந்து வந்த 215 தகவல் கசிவுப் புகார்களை ஆராய்ந்தது. எல்லாமே உள்ளே இருந்தவர்களால் நடந்தவை. அவற்றில் 57% மாணவர்கள் செய்தது. மொத்தத்தில் 30% சம்பவங்கள் திருடப்பட்ட லாக்-இன் விவரங்களால் நடந்தவை. அந்த 30 சதவீதத்தில் 97% மாணவர்களின் கைவரிசை.

பெரிய தொழில்நுட்பம் எதையும் அவர்கள் பயன்படுத்தவில்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு, பேப்பரில் எழுதி ஒட்டி வைத்த பாஸ்வேர்டு, இவைதான் பெரும்பாலும் கைகொடுத்தன. நுட்பமான முறையில் பாதுகாப்பை உடைத்தவை வெறும் 5% மட்டுமே. ஒரு பள்ளியில் 15, 16 வயது மாணவர்கள் மூன்று பேர், 1,400க்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள் இருந்த அமைப்புக்குள் புகுந்தார்கள். இணையத்தில் இறக்கிய கருவிகளே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. இதையெல்லாம் ஏன் செய்கிறார்கள் என்றால், துணிச்சல், பேர் வாங்குவது, பழிவாங்குவது, பணம் என்று காரணங்கள் நீளுகின்றன.

நம் பிள்ளைகளைக் குற்றவாளி என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வயதில் பூட்டியிருக்கும் கதவைத் தள்ளிப் பார்க்காத பிள்ளை யார்? பிரச்னை என்னவென்றால், நம் பள்ளிகளில் பல இடங்களில் கதவே இல்லை.

சரி, அப்படின்னா 'வி-லான்' என்றால் என்ன?

பிரித்து வைக்க எளிய வழி ஒன்று உண்டு. அலுவலகத்துக்குத் தனி ஸ்விட்ச், தனி கேபிள், தனி ரவுட்டர், லேபுக்குத் தனி, கேமராவுக்குத் தனி. ஒன்றையொன்று தொடாது. ஆனால் செலவு மூன்று மடங்கு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று கேபிள் இழுக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் வி-லான். ஸ்விட்ச் ஒன்றே, ஆனால் அது தனக்குள் பல ஸ்விட்ச்களாகப் பிரிந்து நடந்துகொள்ளும். 24 போர்ட் இருக்கும் ஸ்விட்ச்சில் 1 முதல் 4 வரை அலுவலகம், 5 முதல் 18 வரை லேப், 19 முதல் 22 வரை கேமரா என்று உள்ளே எழுதி வைத்துவிட்டால், 3-ல் செருகிய கணினிக்கும் 7-ல் செருகிய கணினிக்கும் நடுவே சுவர் எழும்பிவிடும். ஒரே பெட்டி, ஒரே கரண்ட் ஒயர். ஆனால் லேப் கணினி எவ்வளவு கத்தினாலும் அலுவலகக் கணினியின் காதில் விழாது. மண்டகப்பட்டு பாறையில் மூன்று அறை குடைந்த மாதிரி.

1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி என்பவர், ஈத்தர்நெட் நெட்வொர்க்கைப் பெரிதாக்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை இது. 1998-ல் '802.1க்யூ' என்ற பெயரில் சர்வதேசத் தரமாக ஆனது. அதனால் எந்த கம்பெனி ஸ்விட்ச் வாங்கினாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். கணினி அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் ஸ்விட்ச் ஒரு சின்ன சீட்டை ஒட்டுகிறது. '10-ம் நம்பர் குழு', '20-ம் நம்பர் குழு' என்று அதில் ஒரு எண். இப்படி 4,094 குழுக்கள் வரை வைத்துக்கொள்ளலாம் (பள்ளிக்கு நாலைந்து போதும்). அலுவலகக் கட்டடத்து ஸ்விட்ச்சிலிருந்து லேப் கட்டடத்து ஸ்விட்ச்சுக்கு ஒரே ஒரு கேபிள்தான் போகிறது என்றாலும் கவலையில்லை. எல்லாக் குழுவின் பொட்டலமும் அதே கேபிளில் போகும், அந்தப் பக்கம் போய் சீட்டைப் பார்த்துப் பிரிந்துகொள்ளும். டவுன் பஸ்ஸில் எல்லாரும் ஒன்றாகப் போனாலும் அவரவர் ஸ்டாப்பில் இறங்குகிற மாதிரி. இப்படி எல்லாக் குழுவையும் சுமக்கும் போர்ட்டுக்கு 'ட்ரங்க்' என்று பெயர். ஒரே குழுவுக்கு மட்டும் ஒதுக்கிய போர்ட், 'ஆக்ஸஸ்' போர்ட்.

துவாரபாலகர் இல்லாமல் அறை மட்டும் இருந்தால்?

இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். அறைகளைப் பிரித்தாலும் எல்லா அறைக்கும் இணையம் வேண்டும். ஆகவே எல்லாக் குழுவும் ஒரு ரவுட்டரில் வந்து முடியும். மண்டகப்பட்டில் மூன்று அறையும் ஒரே முன் மண்டபத்தில் திறப்பது போல. பிரச்னை என்னவென்றால், நிறைய ரவுட்டர்கள் இயல்பாகவே ரொம்ப உதவும் மனசு கொண்டவை. லேபிலிருந்து வரும் பொட்டலம் 'அலுவலகத்துக்குப் போகணும்' என்றால், 'வாங்க, இந்தப் பக்கம்' என்று வழி காட்டிவிடும். வி-லான் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்போம். உண்மையில் சுவர் எழுப்பிவிட்டு, கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

ஆக, ரவுட்டரிலோ ஃபயர்வாலிலோ விதிகளை எழுத வேண்டும். லேபிலிருந்து இணையத்துக்குப் போகலாம், அலுவலகத்துக்குப் போகக்கூடாது. கேமராக்கள் பதிவுக் கருவியோடு மட்டும் பேசலாம். வேறு யாரோடும் கூடாது. அலுவலகத்திலிருந்து லேப் சர்வரைப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கலாம். ஆனால் லேப் தானாகத் திரும்பி எதையும் தொடங்கக்கூடாது. எதுவும் எழுதாத இடத்தில் 'அனுமதி இல்லை' என்பதே பொது விதி. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண்.

செஞ்சிக்கோட்டை போனவர்களுக்கு இது புதிதல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் இணைத்து ஒரு பெரிய மதில். ஆனால் வெளி மதிலோடு விட்டுவிடவில்லை. ஒவ்வொரு மலைக்கும் தனிக் கோட்டை. ராஜகிரி உச்சிக்குப் போக வேண்டுமானால் வாசல் வாசலாகக் கடக்க வேண்டும். உச்சிக்கு முன்னால் ஆழமான ஒரு பாறைப் பிளவு வேறு, அதைத் தாண்ட ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் முடிந்தது கதை. 1690-களில் முகலாயப் படை இதைப் பிடிக்க ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டுக் கிடந்தது சும்மா இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டையின் அமைப்பைத்தான் நெட்வொர்க் பாதுகாப்பில் இன்று வகுப்பெடுக்கிறார்கள்: வெளியாள் ஒரு மதிலைத் தாண்டிவிடுவான் என்று வைத்துக்கொண்டே அடுத்த மதிலைக் கட்டு.

எதை எந்தக் குழுவில் வைப்பது?

ஒரு பள்ளியில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் எங்கும் நடக்கக்கூடியது.

"சார், பிரின்டரை எந்தக் குழுவுல போடட்டும்?"

"எல்லாருக்கும் வேணுமே டீச்சர். பொதுவா விட்டுடுங்களேன்."

"பொதுவா விட்டா லேப்ல இருந்து பசங்க பிரின்ட் குடுப்பாங்க சார். வினாத்தாளும் அதுலதான் எடுக்கறோம். சில பிரின்டர்ல கடைசியா என்ன அடிச்சோம்னு உள்ளேயே பதிவு இருக்கும்."

"அப்படியா? அப்போ ஆபீஸோடயே இருக்கட்டும். லேபுக்கு அந்தப் பழைய பிரின்டரைக் குடுத்துடலாம்."

இந்த டீச்சர் சொல்வது சரி. பிரிக்கும்போது 'யாருக்கு வசதி' என்று கேட்பதைவிட 'இது கெட்டவன் கையில் கிடைத்தால் என்ன போகும்' என்று கேட்பதுதான் உதவும். அந்தக் கணக்கில் பார்த்தால் அலுவலகக் கணினிகளும் பிரின்டரும் ஒரு குழு. மாணவர் லேப் இன்னொரு குழு. லேப் சர்வரும் லேபோடு இருக்கட்டும், அலுவலகக் கோப்புகளை அதில் வைக்கக்கூடாது. ஸ்மார்ட் போர்டுகளையும் ஆசிரியர்களின் டேப்லெட், லேப்டாப்களையும் மூன்றாவதாக வைக்கலாம். ஆசிரியர்களை அலுவலகத்தோடு சேர்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த லேப்டாப் வீட்டுக்குப் போகிறது, வீட்டில் பிள்ளைகள் கேம் இறக்குகிறார்கள், மறுநாள் பள்ளிக்கு வருகிறது.

கேமராக்களைக் கண்டிப்பாகத் தனியாக வைக்க வேண்டும். காரணம் உண்டு. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், உலகெங்கும் கேமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டிகளையும்தான் படையாகத் திரட்டியது. கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றாததே அதற்குப் போதுமானதாக இருந்தது. நம் ஊரில் கேமரா மாட்ட வருபவர், செல்போனில் பார்க்கும் வசதிக்காக ரவுட்டரில் ஒரு ஓட்டையைப் போட்டுவிட்டு, 'அட்மின், ஒன்னு ரெண்டு மூணு நாலு' என்று பாஸ்வேர்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கேமரா அலுவலகக் கணினியோடு ஒரே குழுவில் இருந்தால், வாசலைக் காவல் காக்க வைத்ததே வாசலாகிவிடும்.

கடைசியாக விருந்தினர் வைஃபை. தேர்வுப் பணிக்கு வருபவர்கள், பயிற்சிக்கு வருபவர்கள், பெற்றோர் எல்லாருக்கும் இது. ஒரே வைஃபை கருவியிலேயே இரண்டு மூன்று பெயர்களில் சிக்னல் விடலாம். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு குழுவுக்குப் போகும். விருந்தினர் பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றினால் நல்லது. மாற்றவில்லை என்றாலும், அது கசிவதால் இழப்பது கொஞ்சம் இணைய வேகம் மட்டுமே, மாணவர் விவரம் அல்ல. பிரித்து வைப்பதன் முழுப் பயனும் இந்த ஒரு வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

செலவு எவ்வளவு ஆகும்?

கடையில் கேட்கும்போது 'மேனேஜ்டு' அல்லது 'ஸ்மார்ட்' ஸ்விட்ச் என்று கேட்க வேண்டும். சும்மா ஸ்விட்ச் என்றால் 'அன்-மேனேஜ்டு' கொடுத்துவிடுவார்கள், அதில் வி-லான் பிரிக்க முடியாது. எட்டு போர்ட் உள்ள சின்னது சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. பல பள்ளிகளில் திட்டத்தோடு வந்த ஸ்விட்ச்சே இந்த வசதி உள்ளதாக இருக்கலாம்; மாடல் நம்பரைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று: அரசுத் திட்டத்தில் வந்த கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஒப்பந்த நிறுவனத்திடம் இருக்கும்போது, நாமாக உள்ளே புகுந்து மாற்றக்கூடாது. எழுத்துப்பூர்வமாகக் கேட்டுச் செய்ய வைக்க வேண்டும்.

காசே இல்லை என்றால்? இரண்டு சாதாரண ரவுட்டர் போதும். இணையம் வரும் பெட்டியிலிருந்து ஒன்று அலுவலகத்துக்கு, இன்னொன்று லேபுக்கு. முக்கியமாக, இணையம் வரும் கேபிளை ஒவ்வொரு ரவுட்டரிலும் 'வான்' என்று போட்டிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் இருப்பதை மறைத்துக்கொள்ளும். லேபிலிருந்து யாரும் அலுவலக ரவுட்டரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. வி-லான் அளவுக்கு நேர்த்தி கிடையாது. ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். அதுவும் முடியாவிட்டால், பெரும்பாலான வைஃபை ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. செல்போன்களையாவது அதற்குள் தள்ளிவிடலாம்.

எங்கே சொதப்புகிறோம்?

ஸ்விட்ச்சை அமைத்துவிட்டு 'சேவ்' பண்ண மறப்பது, அநேகமாக முதலிடம் இதற்குத்தான். பல ஸ்விட்ச்களில் மாற்றம் உடனே வேலை செய்யும், ஆனால் சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும். நம்மூரில் கரண்ட் போகாத வாரம் எது? எல்லாம் பிரித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்; அது என்றைக்கோ மறுபடி ஒன்றாகியிருக்கும்.

அடுத்தது ஸ்விட்ச்சின் சொந்த பாஸ்வேர்டு. பெட்டி வரும்போது இருந்த 'அட்மின்' அப்படியே கிடந்தால், ஒரு மாணவன் லேப் கணினியின் பிரவுசரிலேயே ஸ்விட்ச்சைத் திறந்து தன் போர்ட்டை அலுவலகக் குழுவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவதோடு, ஸ்விட்ச்சை நிர்வகிக்கும் பக்கத்தை லேபிலிருந்து திறக்கவே முடியாதபடி செய்ய வேண்டும். பெட்டியில் எல்லா போர்ட்டும் ஆரம்பத்தில் 1-ம் நம்பர் குழுவில் இருக்கும். அந்தக் குழுவில் எதையும் வைக்காமல் காலியாக விடுவது நல்ல பழக்கம். சும்மா இருக்கும் போர்ட்களை அணைத்து வைக்கலாம். லேப் சுவரில் இருக்கும் பாயின்ட் எதுவும் 'ட்ரங்க்' ஆக இருக்கக்கூடாது. மேனேஜ்டு ஸ்விட்ச்களில் பலவற்றில், மேலே சொன்ன பழைய ரவுட்டர் கூத்தைத் தடுக்கவும் ஒரு வசதி இருக்கிறது, 'டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங்' என்று பெயர்.

அப்புறம், எந்த போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்க வேண்டும். இதைச் செய்தவர் மாறுதலில் போய்விட்டால், அடுத்து வருபவர் ஒயரை மாற்றிச் செருகிவிடுவார். ஸ்விட்ச் பெட்டி பூட்டியும் இருக்க வேண்டும். வராண்டாவில் கை எட்டும் உயரத்தில் திறந்து கிடக்கும் பெட்டிக்கு எந்த வி-லானும் உதவாது.

இது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுமா?

இல்லை. 2023 ஜனவரியில் வெளிவந்த செய்தி ஒன்று: மத்திய அரசின் 'தீக்‌ஷா' கல்விச் செயலியின் தகவல்கள் இருந்த கிளவுட் சர்வர் ஒன்று பூட்டாமல் விடப்பட்டதால், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், செல்போன் எண், இமெயில், சுமார் 6 லட்சம் மாணவர்கள் பற்றிய தகவல்கள் வெளியே தெரியும் நிலையில் கிடந்தன. அது பள்ளிக்குள் நடந்ததல்ல. மண்டகப்பட்டில் உட்கார்ந்துகொண்டு யாரும் அதைத் தடுத்திருக்க முடியாது.

அதேபோல, எமிஸ் பாஸ்வேர்டை நான்கு ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து, அது வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், லேபை எவ்வளவு பிரித்தும் பயனில்லை. மாணவன் தன் செல்போனிலிருந்தே உள்ளே போய்விடுவான். வேலைச்சுமை காரணமாகத்தான் பாஸ்வேர்டு பகிரப்படுகிறது என்பதும் உண்மை. ஒரே ஆள் மேல் எல்லாப் பதிவேற்றத்தையும் சுமத்திவிட்டு, பாஸ்வேர்டைப் பகிராதே என்று மட்டும் சொன்னால் அது நடக்காது. முக்கியக் கோப்புகளின் நகல் நெட்வொர்க்கில் இணைக்காத ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. பூட்டும் வைரஸ் வந்தால் அந்த ஒன்றுதான் கைகொடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. 18 வயதுக்குக் கீழ் எல்லாருமே இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அதாவது ஒரு பள்ளியில் கிட்டத்தட்ட எல்லா மாணவரும். தகவலைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அந்தத் தொகை பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது, கிராமத்துப் பள்ளி பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 'நியாயமான பாதுகாப்பு' என்று நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். கசிவு நடந்துவிட்டது என்று தெரிந்தால் மூடி மறைக்காமல் மேலதிகாரிக்கு எழுதுங்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள், பணமோசடி முயற்சி என்றால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

உங்கள் பள்ளியில் எப்படிச் சோதிப்பது?

நீங்கள் ஆசிரியரோ, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரோ என்றால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அலுவலகக் கணினியின் ஐ.பி. முகவரியையும் பிரின்டரின் முகவரியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்.எம். அனுமதியோடு லேபில் ஏதாவது ஒரு கணினியில் உட்காருங்கள். பிரவுசரில் பிரின்டரின் முகவரியை அடியுங்கள். பிரின்டரின் பக்கம் திறந்ததா? அடுத்து, கோப்புகளைத் திறக்கும் ஜன்னலின் மேல் பட்டையில் இரண்டு சாய்கோடு போட்டு அலுவலகக் கணினியின் முகவரியை அடியுங்கள். ஃபோல்டர் பெயர்கள் வந்தனவா, அல்லது யூசர்நேம் கேட்டு ஒரு பெட்டியாவது வந்ததா? வைஃபையில் இணைந்த உங்கள் செல்போனிலிருந்தும் இதே முகவரிகளைப் போட்டுப் பாருங்கள்.

எதுவுமே திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்து 'கனெக்ட் ஆகவில்லை' என்று வந்தால், யாரோ ஒருவர் உங்கள் பள்ளியில் ஏற்கெனவே வேலையைச் செய்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். திறந்தால், அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். போட்டோவில் மாணவர் பெயர் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.